பூஜ்ஜியம் போட்ட டைமர்

பெங்களூரில் நாங்கள் பயிற்சிக்குச் சேர்ந்த கம்பெனியில் நிரந்தர வேலை ஒன்றுதான் இருந்தது. போட்டி எனக்கும் என் தோழிக்கும். எங்கள் வீட்டில் சம்பாதிப்பவள் நான் ஒருத்திதான். அவளுடைய அப்பாவுக்கு எங்கள் ஊர் ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவில் மளிகைக்கடை. அப்படிப்பட்டவள் தேர்வுக்கு வேண்டிய ஜாவாஸ்கிரிப்ட் கணினி மொழியைச் சொல்லித் தருகிறேன் என்றதும் எனக்குச் சந்தேகம் வந்தது. வியாபாரி வீட்டுப் பெண் சும்மா எதையாவது கொடுப்பாளா?

பெங்களூருக்குக் காலை ரயில் கடைசி ஸ்டேஷனான மாரிகுப்பத்தில்தான் கிளம்பும். உட்கார இடம் வேண்டுமென்றால் அது காலியாக அங்கே போகும்போதே வழியில் ஏறிவிட வேண்டும். அவள் கோரமண்டலில் ஏறுவாள், நான் சாம்பியன் ரீப்ஸில். மாரிகுப்பத்தில் ரயில் திரும்பக் காத்திருக்கும் நேரம்தான் வகுப்பு.

"டைமர்ல பூஜ்ஜியம் போட்டாலும் ஒடனே ஓடாது" என்றாள் ஒருநாள். டைமர் என்பது இத்தனை நொடி கழித்து ஓடு என்று ஒரு வரிக்கு நேரம் வைப்பது.

"பூஜ்ஜியம்னா ஒடனேதானே? இன்னா, என்ன பார்த்தா ஏமாளியா தெரியுதா?"

"கடையில ஒருத்தருக்கு சாமான் கட்டிக்கினு இருக்கறப்போ நீ வந்தா, ஒடனே உனக்குக் கட்டுவாங்களா? கையில இருக்கறது முடியணும். டைமர் வெளிய நிக்குது, அவ்ளோதான்."

அதோடு விடவில்லை. டைமருக்குப் பிறகு எழுதிய பிராமிஸ், அதாவது ஒரு வேலை முடிந்ததும் ஓட வேண்டிய வரி, டைமருக்கு முன்னால் ஓடிவிடுமாம். "அது உள்ள இருக்கற ஆளோட பாக்கி வேல. அத முடிச்சிட்டுத்தான் வெளிய நிக்கறவங்கள கூப்டுவாங்க."

பின்னால் வந்தது முன்னால் போகுமா? பச்சைப் பொய் என்று முடிவு கட்டினேன். வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தேன். முதலில் சாதாரண வரி, அடுத்து பிராமிஸ், கடைசியில்தான் டைமர். அவள் சொன்னது அப்படியே வந்தது. எனக்கு அப்போதும் மனம் ஆறவில்லை. சின்ன விஷயத்தில் நம்ப வைத்து, பெரிய விஷயத்தில் கவிழ்ப்பாள் என்று நினைத்தேன். அதன் பிறகு அவள் சொன்ன ஒவ்வொன்றையும் ஓட்டிப் பார்த்தேன். ஒன்றுகூடத் தப்பாகவில்லை, அது எனக்கு எரிச்சலாகவே இருந்தது.

தேர்வன்று மேனேஜர் எங்கள் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, வெள்ளைப் பலகையில் பதில் எழுதச் சொன்னார். முதல் கேள்விகளில் இருவரும் சமம். கடைசிக் கேள்வி டைமரும் பிராமிஸும்: எது முதலில் ஓடும்? நான் பிராமிஸ் என்று எழுதினேன். ஓரக்கண்ணால் பார்த்தேன். அவள் டைமர் என்று எழுதியிருந்தாள்.

வேலை எனக்குக் கிடைத்தது.

சாயங்கால ரயிலில் அவளைக் கேட்டேன். "இன்னாடி, தெரிஞ்சேதான் தப்பா எழுதினியா?"

"ஐயோ, பதட்டத்துல மறந்துட்டேன்டி" என்று சிரித்தாள்.

எனக்கு அவள் சொல்லித் தந்த எதையும் நான் ஓட்டிப் பார்க்காமல் நம்பியதில்லை. இதை எதில் ஓட்டிப் பார்ப்பேன்? முதல் சம்பளத்தை அம்மாவின் கையில் கொடுத்தபோதே அவளிடம் மறுபடி கேட்க வேண்டும் என்று தோன்றியது. இன்றுவரை கேட்கவில்லை. ஆமாம் என்று சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது.