கட்டிலுக்கடியில் சாச்சியின் கோழி

நீலசந்திராவில் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளில் சுவர் மட்டும்தான் தனித்தனி. பக்கத்து வீட்டில் தாளிக்கும் வாசனைக்கு இங்கே நாங்கள் சோறு பிசைந்துகொள்ளலாம். அந்தப் பக்கத்து வீட்டில் இருந்த உருது பேசும் அம்மாவைச் சாச்சி என்று கூப்பிடுவோம்; அவர் ஒரு சிவப்புக் கோழி வளர்த்தார். அதற்கு என்ன தோன்றியதோ, ஒருநாள் மதியம் எங்கள் கட்டிலுக்கடியில் கிடந்த வெங்காயச் சாக்கில் வந்து முட்டையிட்டுவிட்டு, எதையோ சாதித்துவிட்டதுபோலக் கொக்கரித்துக்கொண்டு போனது.

எடுத்தது நான்தான். எட்டு வயதுப் பெண்ணின் கைக்கு அது நல்ல சூடு. அப்பா வேலை பார்த்த பொம்மசந்திரா கம்பெனியைப் பூட்டிவிட்டிருந்தார்கள். வீட்டில் வேளைக்கு வேளை ராகிக் களிதான். தொட்டுக்கொள்ள ஏதாவது இருந்தால் அன்றைக்கு விசேஷம்.

சாச்சி, தான் வேலை பார்க்கும் வீடுகளுக்குப் போயிருந்தார். வேறு யாரும் பார்க்கவில்லை. எங்களோடு தங்கியிருந்த மாமா, அம்மாவின் தம்பி, உடனே வக்கீலாகிவிட்டார்.

“நாமளா கூப்பிட்டோம்? அதுவா வந்துச்சு. இடத்துக்கு வாடகைன்னு வச்சுக்கோக்கா. அவிச்சு நீ சாப்பிடு.”

அம்மாவைச் சாப்பிடச் சொன்னது சும்மா ஒரு பேச்சுக்கு, தனக்கும் பாதி வரும் என்ற ஆசையில்தான் இப்படி வாதாடுகிறார் என்று நினைத்தேன். எனக்கும் அதே ஆசை இருந்ததால் அவர் கட்சியில் சேர்ந்துகொண்டேன்.

அம்மா முட்டையை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டாள். பிறகு, “தீனி போடறது அவங்க. இதக் கடையில குடுத்துதான் டீத்தூள் வாங்கறாங்க. முட்டை எப்படிடா நம்மளுதாகும்?” என்றாள்.

சாயங்காலம் நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். “அரே, தீனி இங்க, முட்டை அங்கயா!” என்று சாச்சி விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கோழியும் விடுவதாக இல்லை. அம்மா சாக்கை எடுத்து வெளியே போட்டாள். அது அப்பாவின் பழைய லுங்கி மேல் வந்து உட்கார்ந்தது. அது முட்டையிட்ட நாளெல்லாம் மாமா வாதாடினார், அம்மா மறுத்தாள், நான் சாச்சி வீட்டுக்கு நடந்தேன். ஊர் உலகத்தில் இல்லாத அம்மா எனக்கென்று வாய்த்திருக்கிறாளே என்று அழுகை அழுகையாக வரும். அந்த நாட்களில் அம்மாவை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

என் தம்பி வளர்ந்து மாமாவைவிட உயரமாக நின்ற காலத்தில், அவன் தோளைத் தட்டி மாமா சொன்னார்: “முட்டையில்லாமயே வளந்தவன்டா நீ.”

அப்போதுதான் விஷயம் தெரிந்தது. அந்த மாதங்களில் தம்பி அம்மாவின் வயிற்றில் இருந்திருக்கிறான். உடம்பில் ரத்தமே இல்லை, தினம் ஒரு முட்டையாவது சாப்பிடு என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கூடப் போனவர் மாமா. சாச்சிக்குத் தெரிந்தால் முட்டையைத் திருப்பி வாங்க மாட்டார் என்று, வாயைத் திறக்கக் கூடாதென அம்மா அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தாளாம்.

என் கையில் கொடுப்பதற்கு முன்னால் அம்மா ஒவ்வொரு முறையும் முட்டையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருப்பாள். விரிசல் விட்டிருக்கிறதா என்று பார்க்கிறாள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.