சாய்ந்து உட்கார்ந்தவள்

தொண்ணூறுகளின் நடுவில், திருநெல்வேலி ஜங்ஷனில் மருந்து மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கம்பெனியில் கணக்கெழுத ஒரு பெண் தேவை என்று கேள்விப்பட்டு, ஏரலிலிருந்து நாங்கள் இரண்டு பேர் போனோம். நானும், என்னோடு பி.காம். படித்த தோழியும். நான் முதல் வகுப்பு. அவள் முக்கி முனகித் தேறியவள். வேலை கிடைத்தால் இரண்டு வருஷத்துக்குக் கல்யாணப் பேச்சை எடுப்பதில்லை என்று அப்பா எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அவளுக்கு அப்படி ஒரு நெருக்கடியும் இல்லை. வீட்டில் பொழுது போகாமல் வந்தாள். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

முதலாளியின் அறைக்குக் கண்ணாடித் தடுப்பு. முதலில் அவளைத்தான் கூப்பிட்டார்கள். வெளியே இருந்த எனக்குப் பேச்சு கேட்கவில்லை; ஆட்கள் மட்டும் தெரிந்தார்கள். செருப்புக் காலோடு விறுவிறுவென்று போனாள். சொந்த வீட்டில் உட்காருவது போல நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தாள். கைகளை மேஜைமேல் வைத்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்த்துப் பேசினாள். அவர் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பரீட்சைக்கு நான் சொல்லிக்கொடுத்த பாடத்தை வைத்தே என் கண்முன்னால் வெளுத்து வாங்குகிறாளே என்று பொருமினேன்.

என் முறை வந்தது. கதவோரம் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு போனேன். பெரியவர்கள் இருக்கும் அறைக்குள் செருப்போடு போய் எனக்குப் பழக்கமில்லை. அவளை மாதிரியே சாய்ந்து பார்த்தேன். முதுகு பட்டதும் ஏதோ தப்புச் செய்தது போலிருக்க, நாற்காலி நுனிக்கே வந்துவிட்டேன். தேய்மானத்தைப் பற்றிக் கேட்டார், வங்கிக் கணக்கைப் பற்றிக் கேட்டார். கேட்டதற்கெல்லாம் சரியான பதில் சொன்னேன், மேஜையைப் பார்த்து.

"ஏம்மா பயப்படுத? கொஞ்சம் சத்தமாச் சொல்லு" என்றார்.

குரல் இன்னும் உள்ளே போனது.

திரும்பி வரும் பஸ்ஸில், என்ன கேட்டார் என்று அவளிடம் விசாரித்தேன்.

"என்னமோ தேய்மானம்னாரு. ஒண்ணுக்கும் பதில் தெரியலட்டி. 'தெரியாது சார், ஒருக்கச் சொல்லிக் குடுத்தா செஞ்சிருவேன்'னேன். சிரிச்சிட்டாரு."

வயிறு நிஜமாக எரிந்தது அப்போதுதான். தெரியாததை அவள் தலை நிமிர்ந்து சொல்லியிருக்கிறாள். தெரிந்ததை எல்லாம் நான், திருடிய பொருளைத் திருப்பிக் கொடுக்கிறவள் மாதிரி சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

வேலை அவளுக்குத்தான் கிடைத்தது. காலையில் கைப்பையோடு அவள் பஸ்ஸுக்குப் போகும் நேரம் பார்த்து நான் வாசல் பக்கம் வராமல் இருந்தேன். வந்தால் சிரிப்பாள், நானும் சிரிக்க வேண்டும்.

அப்பா தன் வேலையைத் தொடங்கினார். ஆழ்வார்திருநகரியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். காப்பியைக் கொடுத்துவிட்டு ஜமுக்காளத்தின் ஓரத்தில் உட்கார்ந்தேன். என்ன படித்திருக்கிறாய் என்று கேட்டார்கள். தரையைப் பார்த்துச் சொன்னேன். யாருக்கும் சரியாகக் கேட்டிருக்காது.

"பிள்ள தலையே நிமிரலயே! நல்ல வளப்பு" என்றார் மாப்பிள்ளையின் அம்மா, பூரித்துப் போய்.

இங்கே மறுகேள்வியே இல்லாமல் என்னைத் தேர்வு செய்துவிட்டார்கள்.