மஞ்சளாய் ஒளிர்ந்த இடம்

சுதந்திரம் வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. வடக்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டரில் நான் நர்ஸாக இருந்தேன். எனக்கு ஊர் மண்டைக்காட்டுப் பக்கம். அங்கிருந்து திருநெல்வேலி வரை பஸ், அப்புறம் ரயில். அந்தத் தூரத்தைக் கடந்து, எங்கள் ஊருக்குப் பக்கத்துக் கடற்கரையான முட்டத்திலிருந்து ஒரு மீன்காரப் பெண் கணவரோடு வந்திருந்தாள்.

மீன்கூடையைத் தூக்கும்போது வலது கையில் பிடி நழுவியது. சில நேரம் வார்த்தை வாய்க்கு வரவில்லை. காலையில் தலைவலி, வாந்தி. மூளையில் கட்டி. டாக்டர் தஞ்சாவூர்க்காரர், அவள் பேச்சு அவருக்குப் பாதி புரியவில்லை. அதனால், அதே பேச்சுக்காரியான என்னைக் கூப்பிட்டார்கள்.

மூளையில் கட்டி எங்கே முடிகிறது, நல்ல பகுதி எங்கே தொடங்குகிறது என்பது கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாது என்றார் டாக்டர். வெளிநாட்டில் ஒரு புது வழி செய்து பார்க்கிறார்களாம். ரத்தத்தில் மஞ்சள் சாய மருந்தை ஏற்றினால் கட்டி அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஊதா விளக்கைக் காட்டினால் அது மட்டும் ஒளிரும். பேச்சுக்கான இடம் பக்கத்திலேயே இருந்ததால் அவள் விழித்திருக்க வேண்டும். அவளைப் பேசவைத்துக்கொண்டே இருப்பது என் வேலை.

இதையெல்லாம் இருவருக்கும் சொன்னேன். அவள் வலிக்குமா என்று கேட்டாள். தோலுக்கு மரத்துப்போக ஊசி உண்டு, மூளைக்கு வலி தெரியாது என்றேன்.

“பின்ன இத்தற நாளும் வலிச்சது என்னதாக்கும் மக்கா?”

கட்டி நெருக்குவதால் மூளையைச் சுற்றிய சவ்வுக்கு வலிக்கிறது என்றேன்.

ஆபரேஷன் அன்று துணித் திரைக்குக் கீழே அவள் முகத்தருகே உட்கார்ந்தேன். எந்த மாதம் என்ன மீன் படும் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். திடீரென்று விளக்குகளை அணைத்தார்கள்.

“கரண்டு போச்சா?”

“இல்லக்கா. ஒங்க தலைக்குள்ள பாக்கியதுக்கு அணைச்சிருக்கு.”

“இருட்டுல என்னத்த பாப்பினும்?”

எழுந்து எட்டிப் பார்த்தேன். சுற்றிலும் கறுப்பு. நடுவில் பச்சை கலந்த மஞ்சளாய் ஓர் இடம், அமாவாசைக் கடலில் துடுப்பு பட்ட நீர் மின்னுவதுபோல. அதன் விளிம்பைப் பார்த்துப் பார்த்து டாக்டர் எடுத்தார். மறுபடி ஊதா விளக்கைக் காட்டியபோது, ஓரத்தில் மெல்லிய கீற்று ஒன்று மிச்சம் ஒளிர்ந்தது.

அவர் அதைத் தொட்டார். “சாளை, அயிலை, நெத்தோலி” என்று சொல்லிக்கொண்டிருந்தவள் நின்றுவிட்டாள். உதடு மட்டும் அசைந்தது. கண்கள் என்னையே பிடித்துக்கொண்டிருந்தன.

“டாக்டர், பேச்சு நின்றுவிட்டது.”

அவர் கையை எடுத்தார். சற்றுப் பொறுத்து அவள், “வாளை” என்றாள்.

அந்தக் கீற்றைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அறை விளக்கைப் போடச் சொன்னார். அதை எடுக்கவில்லை.

ஆபரேஷன் முடிந்து வந்தவளின் தோல் மஞ்சளாகிவிட்டதைக் கண்டு காமாலையோ என்று கணவர் பயந்தார். சாயம் தானே இறங்கிவிடும் என்றேன், அப்படியே இறங்கியது. பேச்சும் கையும் நன்றாகவே இருந்தன. ஆனாலும் டாக்டர் வாட்டமாக இருந்தார். “முன்னாலும் எத்தனையோ பேருக்கு மிச்சம் வைத்திருப்பேன். அது தெரியாமல் வைத்தது. இப்போது கண்ணால் பார்த்துவிட்டு வைத்திருக்கிறேன்” என்றார்.

அடுத்த லீவில் முட்டம் போனேன். கடற்கரையில் விலை பேசிக்கொண்டிருந்தாள். தூரத்திலேயே குரல் கேட்டது. என்னைப் பிடித்துவைத்துச் சோறு போட்டுத்தான் அனுப்பினாள்.

இரண்டு ஆண்டு கழித்துக் கட்டி மறுபடி வளர்ந்தது. அவள் இறந்தபின் ஒருமுறை போனபோது, கடைசி மாதங்களில் பேச்சு போய்விட்டதாகக் கணவர் சொன்னார். அந்தக் கீற்றைப் பற்றி அவரிடம் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அவர் என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

“அத எடுத்திருந்தா அண்ணைக்கே பேச்சு போயிருக்கும், இல்லியா?”

“ஆமா.”

“ரெண்டு வருசம் எனக்கிட்ட சண்ட போட்டா. போதுமாண்ணு கேட்டா, போதாது. ஆனா விட்டது நல்லதாக்கும்.”

கொஞ்சம் கருவாடு பொதிந்து தந்தார். பஸ் வரும்வரை கூடவே நின்றார்.