சிப்பாயின் சட்டைகள்

அப்பா ஒரு தடவை ரிக் வண்டியில் வடக்கே ஆழ்துளைக் கிணறு தோண்டப் போய்விட்டு வந்தபோது எனக்கு ஒரு சிப்பாய்ப் பொம்மை கொண்டுவந்தார். ஏதோ ஊர்ச் சந்தையில் பழைய சாமான்களோடு கிடந்ததாம். என் முழங்கை நீளம் இருக்கும். கால் மடங்கும், மணிக்கட்டு திரும்பும். எங்கள் பக்கத்துக் கடைப் பொம்மைகளுக்கெல்லாம் சட்டையை உடம்போடு சேர்த்தே வார்த்திருப்பார்கள். இவன் போட்டிருந்தது துணியில் தைத்த நிஜச் சட்டை. கழற்றலாம், மாட்டலாம். ரொம்பப் பழைய காலத்துப் பொம்மையின் மாதிரியை வைத்து மறுபடி செய்தது அது என்பதை, எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு ஊர் ஊராகச் சுற்றத் தொடங்கிய பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அன்று என்னைப் பிடித்து ஆட்டியது பொம்மையைவிட அதன் அட்டைப்பெட்டிதான். பின்பக்கத்தில் அதே சிப்பாய் வரிசையாக நின்றான். கடலில் முங்குகிறவன், பனியில் நடக்கிறவன், விமானம் ஓட்டுகிறவன், நெஞ்சு நிறையப் பதக்கம் குத்திய தளபதி. உடுப்பெல்லாம் தனித்தனியாகக் கிடைக்கும் என்று அதில் போட்டிருப்பதைச் சித்திதான் படித்துச் சொன்னாள். எங்கே கிடைக்கும் என்று போடவில்லை. நான் அத்தனையையும் சேர்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

அம்மாவோடு சேலம் போகும்போதெல்லாம் கடைவீதியில் பாய் ஒருவர் நடத்திவந்த பொம்மைக்கடைக்கு அவளை இழுத்துப் போவேன். உடைந்த பொம்மைகளின் மிச்சங்களை அவர் ஒரு டப்பாவில் போட்டு வைத்திருப்பார். அதிலிருந்து ஒரு தலைக்கவசமும் ஒரு தண்ணீர்க் குடுவையும் கிடைத்தன. பூட்ஸ் ஒரு காலுக்குத்தான் இருந்தது. "சண்டைக்குப் போனவன்தானே தம்பி, ஒரு காலு போயிருச்சுன்னு வெச்சுக்க" என்று பாய் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மீதியெல்லாம் சித்தியின் கைவேலை. புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டில் அண்ணன் தம்பி மூன்று குடும்பமும் ஒரே அடுப்பில் சாப்பிட்டோம். ரிக் வண்டி பெரியப்பாவுடையது. அப்பாவும் சித்தப்பாவும் அதில் வேலைக்குப் போவார்கள், மாதக்கணக்கில் வரமாட்டார்கள். சித்தி பகல் வேலை முடிந்ததும் ஊசியும் நூலுமாக என்னோடு உட்காருவாள். சைக்கிள் டியூபை வெட்டிக் கடலில் முங்குகிறவனுக்கு உடுப்பு. அவன் முதுகில் கட்டக் கோழிப்பண்ணையில் தூக்கிப்போட்ட ஊசிமருந்துப் புட்டிகள். பனிச்சட்டையின் கழுத்துக்கு வெள்ளைக் கோழி இறகு. துணிக்கு மட்டும் வீட்டில் கிழிந்துபோனதைத்தான் எடுப்பாள்.

"புதுத்துணி சின்ன ஒடம்புல வெறைச்சுட்டு நிக்குஞ் சாமி. தொவைச்சுத் தொவைச்சு நைஞ்ச துணிதான் படியும்" என்பாள்.

அப்படித்தான் பெரியப்பாவின் பழைய காக்கிச் சட்டை தளபதியின் உடுப்பானது. பெரியம்மாவின் சேலைக்கரை இடுப்புப் பட்டியானது. பதக்கங்களை ஜிகினாத்தாளில் வெட்டிக் குண்டூசியால் நெஞ்சில் குத்தினோம். சித்தியின் சீப்பில் சிக்கிய முடியைச் சுருட்டி மீசை ஒட்டினோம். போரில் பட்ட காயத்துக்கு நானே குங்குமத்தைக் குழைத்து நெற்றியில் தடவினேன். தளபதி பிரமாதமாக இருந்தான்.

எந்நேரமும் உடுப்பு நினைப்பாகவே இருந்ததால் வேறொன்றும் என் கண்ணில் பட்டது. சித்தப்பா வீட்டில் இருக்கும் நாட்களில் சித்தி முழங்கைக்குக் கீழே வரை மூடிய ரவிக்கைதான் போடுவாள், வெயில் எவ்வளவு கொளுத்தினாலும். புருஷன் வந்திருக்கிறாரே, நல்லதாக உடுத்துகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு தடவை கோபித்துக்கொண்டு பனமரத்துப்பட்டியில் அவள் அப்பா வீட்டுக்குப் போனாள். இரண்டு தடவையும் மறுநாளே அந்த அப்பா அவளை மொபெட்டில் உட்காரவைத்துக் கூட்டிவந்தார். ஒரு சீப்பு வாழைப்பழத்தைப் பெரியம்மாவிடம் நீட்டி, "பொண்ணுக்குப் புத்தி சொல்லீட்டேனுங்க" என்றுவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போனார்.

அந்தக் கோடையில் எங்கள் வண்டிக்குக் கெட்ட நேரம். எங்கோ தூரத்துப் பாறையில் துளை போடும்போது இரும்பு ராடு உள்ளேயே மாட்டிக்கொண்டது, எடுக்க முடியவில்லை; அப்பாவும் சித்தப்பாவும் அங்கேயே கிடந்தார்கள். வீட்டில் ராச்சாப்பாடு ரேஷன் அரிசிக் கஞ்சி ஆனது. எனக்குக் கஞ்சி பிடிக்கும், அதனால் அது ஒரு கஷ்டமாகத் தெரியவில்லை. பெரியப்பாவுக்கு மட்டும் அடிக்கடி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காரும்படி ஒரு வலி வந்தது. பெரியம்மா ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு குறிகாரரை வரவழைத்தாள்.

அவர் உள்ளங்கையில் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு அறை அறையாக நடந்தார். "வெளியாளு வெச்ச செய்வினை இல்லம்மா. இந்த வூட்டுக்குள்ளயே ஒண்ணு குந்தியிருக்குது" என்றார். பெரியம்மா ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து கொட்டினாள். கடைசியில், சாமான் ஏற்றிவைக்கும் அட்டாலியிலிருந்து என் தகரப்பெட்டியும் இறங்கியது. மேலாக இருந்தவன் தளபதி.

பெரியம்மா போட்ட சத்தத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த அம்மா ஓடிவந்தாள்.

"ஐயோ, இது எங்கூட்டுக்காரரு சட்டைங்க! நெஞ்சுலயே ஊசி குத்தியிருக்குதே, பாருங்க சாமி!" என்று பெரியம்மா குறிகாரரிடம் காட்டினாள்.

பெரியப்பாவின் கை தானாக நெஞ்சுக்குப் போனது. குறிகாரர் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார். பொம்பளை முடி, கோழி இறகு, மருந்துப் புட்டி, நெற்றியில் சிவப்பு. எனக்கே பார்க்க வேறு மாதிரி இருந்தது. "ஆளுக்கொரு துணி. ஒருத்தரையும் வுடல" என்றார் அவர்.

"அது என்னுதுங்க பெரீம்மா. குத்தியிருக்கறது பதக்கமுங்க" என்றேன்.

"சித்த சும்மா இர்றா!"

அட்டைப்பெட்டியை எடுத்துவர நான் ஓடினேன். திரும்பி வந்தபோது குறிகாரர் பரிகாரம் சொல்லிக்கொண்டிருந்தார். வைத்தவர் எவரோ, அவர் கையாலேயே எல்லாவற்றையும் அவிழ்க்க வேண்டும். முச்சந்தியில் எரிக்க வேண்டும். எரித்துவிட்டு அப்படியே போய்விட வேண்டும். மறுபடி இந்த வாசற்படியை மிதித்தால் வைத்தது எழுந்துகொள்ளும், வீட்டு ஆண்களில் ஒருவரைக் கொண்டுபோகும்.

"நான்தானுங்க வெச்சேன், என்னோட பொம்மைங்க" என்று அட்டையை நீட்டினேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். என்னைத்தான் வீட்டை விட்டு அனுப்பப்போகிறார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

குறிகாரர் என்னை உற்றுப் பார்த்தார். ஊசியும் நூலும் கொண்டுவரச் சொன்னார். "நீ வெச்சன்னா நீதான் தெச்சிருக்கணும். எங்க, கோத்துக் காட்டு."

நூலை எச்சிலில் நனைத்தேன். ஊசிக்காது எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. நூல் முனை பிரிந்து இரண்டானது, மறுபடி நனைத்தேன். பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

சமையலறை வாசலில் நின்றிருந்த சித்தி கேட்டாள். "ஏனுங்க, அப்பறம் எப்பவுமே இந்த ஊட்டுக்கு வரக்கூடாதுங்களா?"

"சென்மத்துக்கும் கூடாது."

"அவுங்க அய்யன் கொண்டாந்து உட்டாலுமா?"

"ஆரு கொண்டாந்து வுட்டாலும் சேத்தக்கூடாது. சேத்துனா உசுருக்கு ஆபத்து."

பயந்துபோய்க் கேட்கிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் வந்து என் கையிலிருந்து ஊசியை வாங்கினாள். முதல் தடவையிலேயே நூல் ஏறியது.

"பையனுக்கு ஒண்ணுந் தெரியாதுங்க. நாந்தான் தெச்சேன்."

எனக்கு மூச்சு வந்தது. இவனுக்கு விளையாடத் தைத்துக் கொடுத்தேன் என்று இனிச் சொல்லிவிடுவாள், எல்லாம் முடிந்துவிடும். பெரியம்மா, "எதுக்குடி?" என்றாள்.

"இந்த ஊடு வெளங்கக்கூடாதுன்னுதானுங்கக்கா."

பெரியம்மா அறைந்த அறை முச்சந்தி வரை கேட்டிருக்கும். சித்தி கன்னத்தைத் தடவிக்கூடப் பார்க்கவில்லை. அட்டைப்பெட்டியின் படத்தைக் காட்டினால் எல்லோருக்கும் புரிந்துவிடும் என்று நான் அதைப் பெரியப்பாவிடம் கொண்டுபோனேன். பாதி வழியில் சித்தி அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

முச்சந்தியில் முதலில் எரிந்தது அந்த அட்டைதான். பிறகு சித்தி கீழே உட்கார்ந்து, சிப்பாய்க்குச் சட்டை மாற்றும் அதே பக்குவத்தோடு, ஊசிகளைக் கழற்றி, கொக்கியை விடுவித்து, ஒவ்வொன்றாகத் தீயில் போட்டாள். சைக்கிள் டியூப் கரும்புகையாகக் கிளம்பியபோது கூட்டம் பின்வாங்கியது. "போகுது பாரு, போகுது பாரு" என்று யாரோ சொன்னார்கள். கடைசியில் சிப்பாயும் போனான். சித்தி எழுந்து சேலையைத் தட்டிவிட்டு, ஒரு பையோடு நெடுஞ்சாலைப் பக்கம் நடந்தாள். திரும்பிப் பார்க்கக்கூடாது என்பது விதி. அவள் பார்க்கவில்லை.

நான் கட்டுத்தறிக்குப் பின்னால் அம்மாவைப் பிடித்து நிறுத்தி, முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். துணி ஏன் பழசு, ஊசி எதற்கு, முடி எதற்கு. அம்மா குறுக்கே பேசாமல் கேட்டாள். நம்பினாள்.

"அப்பா வரட்டுஞ் சாமி. பெரீப்பாகிட்ட எடுத்துச் சொல்லி அவளக் கூட்டியாந்தரலாம்."

இந்த நல்ல செய்தியோடு மரவள்ளிக் காட்டுக்குள் குறுக்கே விழுந்து ஓடினேன். கால் முழுக்கக் கீறல். சேலம் பஸ் இன்னும் வரவில்லை. நிறுத்தத்தில் சித்தி பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் விரல் தடம். என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

"அம்மா நம்பீட்டாங்க சித்தி! அப்பா வந்து பெரீப்பாகிட்டச் சொல்லீருவாரு. நீங்க நாளைக்கே திரும்பி வந்தரலாம்!"

அத்தனை பேர் முன்னால் நின்றபோதும் அறை வாங்கியபோதும் அவள் முகத்தில் நான் பார்க்காத பயம் அப்போது வந்தது. என் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவள் நகம் சட்டைக்குள் பதிந்தது.

"அப்பா கேட்டா, சித்திதான் வெச்சாங்கன்னு சொல்லோணும். ஊசியும் அவுங்கதான் குத்துனாங்கன்னு சொல்லோணும். சொல்லு. எங்கிட்ட இப்பச் சொல்லு!"

சொன்னேன். மறுபடி சொல்லச் சொன்னாள், மறுபடியும் சொன்னேன். பஸ் வந்தது. அவள் ஏறி, சாலைக்கு அந்தப் பக்கத்து ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

இவ்வளவு தூரம் ஓடி வந்தும் சித்திக்கு என்மேல் கோபம் தீரவில்லையே என்று அழுதுகொண்டே வீட்டுக்கு நடந்தேன்.