சரிவில் நட்ட முக்கோணம்

சின்னக்கானல் எஸ்டேட்டில் தேயிலைக்கு மருந்து அடிக்கும் மிக்கேல்ராஜுக்கு எதையும் நம்புவதில் அவசரம் கிடையாது. நாற்பத்து நான்கு வயதில் அவர் துல்யதா தேர்வுக்குப் படித்தார். பள்ளியைப் பாதியில் விட்டவர்களுக்கான, பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வு அது. தேறினால் காலியாக இருந்த ஒரே சூப்பர்வைசர் இடத்துக்கு மனுப் போடலாம். கூடப் படித்த, கொழுந்து பறிக்கும் மனைவி ஞானஜோதி புத்தகத்தை அப்படியே மனப்பாடம் செய்துவிட்டாள். இவர் சைனில் மாட்டிக்கொண்டார்.

செங்கோண முக்கோணத்தில் எதிர்ப்பக்கத்தைக் கர்ணத்தால் வகுத்தால் சைன். அடுத்துள்ள பக்கத்தை வகுத்தால் காஸ். இரண்டின் வர்க்கங்களையும் கூட்டினால் எப்போதும் ஒன்று. அந்த 'எப்போதும்' அவரை உறுத்தியது. தேயிலைக் காட்டில் ஒரு கம்பை நேராக நட்டு, உச்சியிலிருந்து தரைக்குக் கயிறு இழுத்து அளந்தார். கம்புக்குக் கீழ்ப்புறம் இழுத்தால் ஒன்றுக்குக் குறைந்தது. மேட்டுப்புறம் இழுத்தால் ஒன்றைத் தாண்டியது.

"கீழ நிக்கிறவனுக்கு ஒரு கணக்கு, மேல நிக்கிறவனுக்கு ஒரு கணக்கா வருதுட்டி" என்றார் மனைவியிடம்.

"எஸ்டேட்ல வேற எப்படி வரும்? புக்ல இருக்கத எழுதிட்டு வாங்க."

ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் டின்சி டீச்சரிடமே கேட்டுவிட்டார்.

"அண்ணே, தரைய எப்படி அளந்தீங்க?"

"சரிவோடதான் டீச்சர்." கன்று நடக் குழி குறிக்கும்போது கயிறு சரிவோடு போகும், குச்சி வானத்தைப் பார்க்கும். இருபது வருடப் பழக்கம்.

"அப்ப கம்புக்கும் தரைக்கும் நடுவுல தொண்ணூறு டிகிரி எங்க இருக்கு?"

கம்பு நேர்தான், தரைதான் நேரில்லை. கொழுந்து நிறுக்கும் ஷெட்டின் சிமெண்டுத் தரையில் மறுபடி அளந்தார். கிட்டத்தட்ட ஒன்று வந்தது. 'கிட்டத்தட்ட' அவருக்குப் போதவில்லை. அதன் பிறகே புத்தகத்தின் நிரூபணத்தை ஒழுங்காக வாசித்தார். இரு பக்கங்களின் வர்க்கங்களும் சேர்ந்தால் கர்ணத்தின் வர்க்கம். எல்லாவற்றையும் அந்தக் கர்ண வர்க்கத்தால் வகுத்தால் சமன்பாட்டின் ஒரு புறம் சைன், காஸ் வர்க்கங்கள், மறுபுறம் ஒன்று. கயிறு வைத்து அளந்தபோது வராத துல்லியம், அளக்காமலே வந்து நின்றது.

தேர்வில் அதே கேள்வி. நாலு வரியில் எழுதி முடித்தவருக்கு அடுத்த சந்தேகம் பிடித்தது: கர்ணத்தின் வர்க்கம் அப்படித்தான் இருக்கும் என்று யார் சொன்னது? அதையும் நிரூபிக்க இறங்கினார். மூன்றாவது படம் வரையும்போது மணி அடித்துவிட்டது. பாதிக் கேள்விகள் பாக்கி.

இருவரும் பாஸ். அவள் நல்ல கிரேடு, இவர் தப்பித்த கிரேடு. அந்த ஒரே சூப்பர்வைசர் இடம் அவளுக்குப் போயிற்று.

காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் ஞானஜோதி பெயர் வாசித்தாள். "மிக்கேல்ராஜ், நாலாம் நம்பர் காடு."

"ஏன்னு கேக்கலாமா மேடம்?"

"கேக்கக் கூடாது."