ஆளுக்கொரு பெட்டி

என் வீட்டுக் கூடத்தில் ஒற்றை ஸ்பீக்கர் பெட்டி ஒன்று முப்பது வருசத்துக்கு மேலாக நின்றது. தேக்குப் பலகை, முன்பக்கம் பழுப்புத் துணி, பின்பக்கம் வலது என்பதற்கு ‘ஆர்’ என்று ஒரு இங்கிலீஷ் எழுத்து. அதன் தலையில் என் வீட்டுக்காரி ஒரு செம்பில் தண்ணீர் ஊற்றிச் செம்பருத்தி மிதக்கவிடுவாள். வருகிறவர்கள் ஸ்டூல் என்றே நினைத்துக்கொள்வார்கள். ஜோடி எங்கே என்று யாராவது கேட்டால், உடுமலைப்பேட்டையில் இருக்கிறது என்பேன். சிரிப்பார்கள். நான் விளையாட்டுக்குச் சொன்னதில்லை.

அந்த ஜோடியை வைத்திருந்தவர் என் மச்சான், வீட்டுக்காரியின் அண்ணன். நானும் அவரும் மண்ணரை என்கிற ஊரில் ஒரு தகரக் கொட்டகையில் பனியன் துணி பின்னுகிற நிட்டிங் மிஷின் போட்டுத் தொழில் தொடங்கினோம். நான் ஆறாவதோடு நின்றவன், அவர் எட்டாவது. அந்த இரண்டு வகுப்பை அவர் ஒரு நாளும் மறந்ததில்லை. கணக்கை எட்டாவது பார்த்துக்கொள்ளும், நீங்கள் நூலைப் பாருங்கள் என்பார். கையில் முதல் லாபம் நின்றபோது ஊரே நிலம் வாங்கச் சொன்னது. நாங்கள் கோயமுத்தூர் போய் டேப் செட்டும் ஒரு ஜோடி ஸ்பீக்கரும் வாங்கி வந்தோம். யோசனை என்னுடையது. அப்போதும் இப்போதும் நல்ல யோசனை என்றால் அது என்னிடமிருந்துதான் வரும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மிஷின் நிற்கும். வாரம் முழுக்கக் காதுக்குள் ஓடிய சத்தம் நின்றதும், கொட்டகையே தண்ணீருக்கு அடியில் போய்விட்ட மாதிரி இருக்கும். தகரத்து ஓட்டைகள் வழியாக வெயில் சாய்ந்து விழும். அதில் பஞ்சுத் தூசி மேலேயும் போகாமல் கீழேயும் இறங்காமல் மிதந்துகொண்டிருக்கும். சாயப்பட்டறைக்குப் போகவேண்டிய வெள்ளைத் துணி ரோல்களைச் சுற்றி அடுக்கி, ஆளுக்கொரு ரோலில் தலைவைத்துப் படுத்துக்கொள்வோம். வலது பக்கம் நான், இடது பக்கம் அவர். துணி எதிரொலியைக் குடித்துவிடும். எங்களிடம் இருந்தது ஒரே கேசட், வாய்ப்பாட்டு இல்லாமல் வயலினும் புல்லாங்குழலும் மட்டும். அது பெட்டியிலிருந்து வருகிறதா, வெயிலில் மிதக்கிற தூசியிலிருந்து வருகிறதா என்று சொல்ல முடியாது. கண்ணைத் திறந்தால் நின்றுவிடுமோ என்று மூடியே கிடப்பேன். எப்போதாவது மச்சான், “மாப்ள, தூங்கிட்டீங்களா?” என்பார். “இல்லீங்க மச்சான்” என்பேன். அதற்குமேல் பேச்சில்லை, தேவையும் இல்லை.

பிறகு எனக்கு எக்ஸ்போர்ட் ஆசை வந்தது, அவருக்கு உடுமலைப்பேட்டையில் தென்னந்தோப்பு ஆசை. சண்டை போடவில்லை. பெரியவர்களை உட்காரவைத்து எல்லாவற்றையும் சரிபாதியாகப் பிரித்தோம். மிஷின் பாதி, நூல் மூட்டை பாதி, தராசு அவருக்கு, கட்டிங் மேஜை எனக்கு. கடைசியில் பாட்டுச் சாமான் வந்தது. டேப் செட்டை அவர் எடுத்துக்கொண்டார். பெட்டி இரண்டு, ஆளும் இரண்டு, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று பெரியவர் ஒருவர் ஆளுக்கொன்றாகத் தள்ளிவைத்தார். எங்களுக்கும் அது நியாயமாகவே பட்டது. கேசட்டைக்கூட நகல் எடுத்துப் பங்கு வைத்தோம். நான் புதிதாக ஒரு டேப் செட் வாங்கி, அதிலும் ‘ஆர்’ போட்ட துளையைத் தேடி என் பெட்டியின் வயரைச் செருகினேன்.

அப்புறம் விசேஷ வீடுகளில் பார்த்தால் ‘வாங்க’, ‘சாப்டீங்களா’ என்பதோடு சரி. மரியாதைக்குக் குறைவில்லை. அந்த மரியாதைதான் நடுவில் சுவர் மாதிரி நின்றது. வீட்டுக்காரி மட்டும் இரண்டு வீட்டுக்கும் போய்வந்தாள். ஒரு தடவை அங்கிருந்து வந்தவள் என் கேசட்டைக் கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு, “ஏனுங்க, நம்மூட்டுல வயலின் கேள்வி கேக்குது. பதிலு எங்கண்ணன் ஊட்டுலதான் வருது” என்றாள். குத்திக் காட்டுகிறாள் என்று நினைத்து, காப்பி கேட்டுப் பேச்சை மாற்றினேன். குழல் எங்கோ தூரத்தில் ஆள் கூப்பிடுகிற மாதிரிதான் எனக்குக் கேட்கும். நகல் எடுத்த கேசட், தேய்ந்திருக்கும் என்று இருந்துவிட்டேன்.

கம்பெனியை மகனிடம் கொடுத்த பின்னால் மாடியில் ஒரு சின்ன அறை கட்டினேன். பாட்டுக் கேட்பதற்கென்றே தனி அறை கட்டியவன் எங்கள் வட்டாரத்தில் நான் ஒருத்தன்தான். சின்னதாக எதையும் வாங்கிப் பழக்கமில்லாததால், ஆளுயர ஸ்பீக்கர் ஒரு ஜோடி இறக்கினேன். குடத்துக்குள் தலையை விட்ட மாதிரி ஒரே உறுமல். கம்பெனியிலிருந்து துணி ரோல்களை வரவழைத்துச் சுவரோரம் அடுக்கியும் அடங்கவில்லை. கடைத் தம்பி வந்து பார்த்துவிட்டு, இது மண்டபத்துக்கு ஆகிற அளவு, இந்த அறைக்குச் சின்னப் பெட்டிதான் சரி என்று, பெரியதைக் கழற்றிவிட்டு வேறொரு ஜோடியை வைத்தார். இரண்டுக்கும் எதிரே நடுவில் ஒரு நாற்காலியைப் போட்டு, “இது முதலாளி நாற்காலிங்க. இதுல உக்காந்தாத்தான் ரெண்டும் ஒண்ணாச் சேரும்” என்றார்.

உட்கார்ந்து, என் பழைய கேசட்டைப் போடச் சொன்னேன். வலது பக்கம் வயலின் கேட்டது. இடது பக்கம், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், குழல் பதில் சொன்னது. என்னையறியாமல் இடப்பக்கம் திரும்பினேன். அங்கே துணி ரோல்தான் இருந்தது.

எடுத்துக்கொள்ளலாமா என்று தம்பி கேட்டார். எந்த மிஷின் வாங்கவும் யாரையும் யோசனை கேட்காதவன் நான். அப்படியானால் மச்சானும் இத்தனை வருசம் கேள்வி இல்லாத பதிலையே கேட்டுக்கொண்டிருந்தாரா என்றுதான் மனசு ஓடியது. போன் போட்டேன்.

“மச்சான், ஒரு ஸ்பீக்கர் எடுக்கோணும். நீங்க வந்து கேட்டுச் சொன்னாத்தான் எடுப்பேன்.”

தென்னை ஓலைச் சத்தத்துக்கு நடுவே மச்சான் குரல் வந்தது. “ஏன் மாப்ள, எக்ஸ்போர்ட் காதுக்கு எட்டாவது யோசனை வேணுங்களா?”

“எனக்குப் பாதிதானுங்க கேக்குது.”

போன் நின்றுவிட்டது. கோபமா, சிக்னல் போய்விட்டதா, தெரியவில்லை. மறுபடி கூப்பிட எனக்குக் கை வரவில்லை. வீட்டுக்காரியிடமும் சொல்லவில்லை. கடைத் தம்பி கேட்கும்போதெல்லாம் பொறுங்கள் என்றேன். எதற்குப் பொறுக்கிறேன் என்று அவருக்குத் தெரியாது. வாசலில் கார்ச் சத்தம் கேட்டால் எழுந்து எட்டிப் பார்ப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மச்சான் கார் வந்து நின்றது. பின்சீட்டில், ஜமுக்காளம் போர்த்தி, உடம்பு சரியில்லாத பிள்ளையைக் கூட்டி வருகிற மாதிரி இடது பெட்டியைச் சாய்த்து உட்காரவைத்திருந்தார். “உங்க மீதிப் பாதி, மாப்ள” என்றார்.

செம்பை இறக்கி வைத்துவிட்டு என் பெட்டியை மாடிக்கு எடுத்துப் போனேன். நானே வயரை மாட்டினேன், எனக்குத் தெரியாத வேலை கிடையாது. கேசட் சுற்ற ஆரம்பித்ததும் நான் வலது பக்கத் துணி ரோலில் சாய்ந்தேன். அவர் இடது பக்கத்தில் சாய்ந்தார். நாற்காலி சும்மா கிடந்தது. நீங்கள் உட்காருங்கள் என்று அவர் சொல்ல, நீங்கள் உட்காருங்கள் என்று நான் சொல்ல, காப்பியோடு வந்த வீட்டுக்காரி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். தட்டைத் தரையில் வைத்தாள். நடு நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

வயலின் கேட்டது. குழல் சொன்னது. சன்னல் வெயிலில் துணியிலிருந்து கிளம்பிய பஞ்சுத் தூசி அப்படியே நின்றது.

“மாப்ள, தூங்கிட்டீங்களா?”

“இல்லீங்க மச்சான்.”

சாயங்காலம் அவர் ஊருக்குக் கிளம்பினார். பெட்டியை எடுத்துப் போகவில்லை, எப்போது எடுப்பார் என்று நானும் கேட்கவில்லை. புது ஸ்பீக்கர் எல்லாம் கடைக்கே போய்விட்டது. கூடத்தில் என் பெட்டி நின்ற இடத்தில் தரை சதுரமாகப் பளிச்சென்று இருக்கிறது. வீட்டுக்காரி செம்பருத்திச் செம்பை இப்போது அந்தச் சதுரத்துக்குள்தான் வைக்கிறாள்.