குறிப்புக்கு இடமில்லை

வானிலை நிலையத்தில் என் அண்ணனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘இருபது நிமிஷம்’ என்றுதான் சொல்வார்கள். “இருபது நிமிஷம் வந்தாச்சா?” என்பார்கள். “இல்ல, இன்னும் கூண்டுகிட்டதான் நிக்குது” என்று பதில் வரும். என் எதிரிலேயே சொல்வார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

அந்தப் பெயர் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். நிலையத்தின் பின்பக்கம், வேலிக்குள், ஆளுயரக் கால்களின் மேல் ஒரு வெள்ளை மரக்கூண்டு நிற்கும். உள்ளே இரண்டு தெர்மாமீட்டர். ஒன்று சும்மா இருக்கும். இன்னொன்றின் குமிழில் மெல்லிய துணி சுற்றி, அதை நனைத்து வைக்க வேண்டும். இரண்டும் காட்டுகிற எண்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தை வைத்துத்தான் காற்றில் ஈரம் எவ்வளவு என்று கணக்குப் போடுவார்கள். வெயில் காலத்தில் இது ஒன்றும் பெரிய வேலை இல்லை. உறைபனி வந்தால்தான் வம்பு. நனைத்த துணியில் தண்ணீர் உறைந்து முடிகிறவரை பாதரசம் பூஜ்யத்திலேயே நிற்கும். அப்புறம்தான் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். முழுக்க இறங்கி நின்றபின் படித்தால்தான் சரியான எண். அதற்குப் பதினைந்து நிமிடம் ஆகும், சில நாள் இருபதும் ஆகும். நாங்கள் இருப்பது ஆர்க்டிக் வட்டத்துக்குள். வருஷத்தில் எட்டு மாதம் உறைபனிதான்.

அண்ணனுக்கு முன்னால் இருந்தவர்கள் துணியை நனைப்பார்கள், இரண்டு முறை கையைத் தேய்த்துக்கொள்வார்கள், பாதரசம் பாதி இறங்கும்போது கண்ணில் பட்ட எண்ணை எழுதிக்கொண்டு உள்ளே ஓடிவந்துவிடுவார்கள். சில மகானுபாவர்கள் நனைப்பதுகூட இல்லை. பதிவேட்டில் இரண்டு கட்டத்திலும் ஒரே எண்ணைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். பக்கத்து நிலையங்களிலும் இதே லட்சணம்தான். எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய் திறப்பதில்லை. இப்படிச் செய்தால் காற்று உள்ளதைவிட ஈரமாக இருப்பதாகக் கணக்கில் ஏறும். ஏறினால் யாருக்கு என்ன வந்தது?

என் அண்ணன் மட்டும் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் விதிப் புத்தகத்தைப் படித்துத் தொலைத்தார்.

அவரைப் பெரிய உத்தமர் என்று நினைத்துவிட வேண்டாம். உப்புக் கூடினால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகிற ஆள். ஓர் ஏணியை இரவல் வாங்கித் திருப்பித் தராத சித்தப்பாவோடு ஆறு வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கல்யாணத்தன்று மதிய அளவை முடித்துவிட்டுத்தான் மண்டபத்துக்கு வந்தார். அதுவரை புதுத்துணியில் உட்கார்ந்திருந்த அண்ணி, “இந்த மனுஷனுக்கு மூத்த சம்சாரம் அந்தக் கூண்டுதான். நான் ரெண்டாந்தாரம்” என்று இன்றும் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வாள். பிடிவாதக்காரரோடு குடும்பம் நடத்துவது லேசான காரியம் இல்லை. ஆனால் அந்தப் பிடிவாதம்தான் பத்தொன்பது வருஷம், தினம் மூன்று வேளை, அவரைக் குளிரில் நிறுத்தி வைத்தது. இடது காதின் நுனி குளிரில் செத்துக் கறுத்துப் போனது. அதை டாக்டரிடம் காட்டவும் நேரம் இல்லை என்பார்.

அளவுகளை எழுதும் பதிவேட்டில் பன்னிரண்டு கட்டங்கள். கடைசிக் கட்டத்தின் தலைப்பு ‘குறிப்பு’. மற்றவர்கள் காலத்தில் அது வெறுமையாகக் கிடந்தது. அண்ணன் அதில் ஒவ்வொரு வேளையும் எழுதினார்: ‘துணியில் பனி பிடித்தது. 18 நிமிடம் காத்தேன்.’ ‘காற்று அதிகம். 21 நிமிடம்.’ பொடி எழுத்தில், ஒரு நாள் விடாமல்.

என் கணவர் என்னை விட்டுவிட்டுப் போன வருஷம், யாரிடமும் எதற்கும் போய் நிற்காத அண்ணன் நிலைய அதிகாரியின் அறை வாசலில் போய் நின்றார். “தங்கச்சிக்கு டைப் அடிக்கத் தெரியும் சார்” என்று கேட்டு எனக்குத் தற்காலிக வேலை வாங்கிக் கொடுத்தார். அடுத்த வருஷம் பழைய பதிவேடுகளை எல்லாம் கணினியில் ஏற்றச் சொல்லி உத்தரவு வந்தது. குறித்த தேதிக்குள் முடித்துக் கொடுத்தால் என்னை நிரந்தரமாக்குவதாகச் சொன்னார்கள். தலைமை அலுவலகம் அனுப்பிய படிவத்தில் பதினோரு கட்டங்கள்தான் இருந்தன.

நான் அதிகாரியிடம் போய்க் கேட்டேன். “சார், குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்கு. அதை எங்க போடறது?”

“படிவத்துல இடம் இல்லேன்னா விட்டுடும்மா. அதை எவன் படிக்கப் போறான்?”

விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால் நிம்மதியாகக்கூட இருந்தது. அந்தப் பொடி எழுத்தைப் படித்துப் படித்து அடிப்பதென்றால் தேதி தாண்டியிருக்கும். ஏழு மாதத்தில் முடித்தேன். கடைசியில் ஒரு தாள் வந்தது. ‘பதிவேடுகளில் உள்ள அனைத்தும் விடுபடாமல் ஏற்றப்பட்டன. மூலப் பதிவேடுகளை அழிக்கலாம்.’ கீழே நான் கையெழுத்துப் போட்டேன், எனக்குக் கீழே அதிகாரி போட்டார்.

பதிவேடுகளைக் கூழாக்க எடுத்துப் போக லாரி வந்தபோது கட்டுகளைத் தூக்கிப் போட்டவர்களில் அண்ணனும் ஒருவர். ஒரு பதிவேட்டைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு லாரியில் போட்டார். “போகட்டும். நீ டைப் பண்ணினதுதானே, எல்லாம் உள்ள பத்திரமா இருக்கும்” என்றார்.

“ஆமாண்ணா” என்றேன்.

அதற்குப் பிறகு பதிவேடு கிடையாது, அண்ணன் தாளில் எழுதித் தருவதை நான் அதே படிவத்தில் ஏற்றிவிட்டுத் தாளைக் கிழித்துப் போட்டுவிடுவேன். நாலு வருஷம் கழித்துத்தான் கோடைப்பள்ளி வந்தது. ஆர்க்டிக் வளிமண்டலம் படிக்கிற மாணவர்கள் இருபத்திரண்டு பேர், இரண்டு வாரம். ஆளுக்கொரு நிறத்தில் மழைச்சட்டை, ஆளுக்கொரு மடிக்கணினி. எங்கள் கூட்ட அறையில் நாற்காலி போதாமல் கிடங்கிலிருந்து பெஞ்சுகளை இழுத்துப் போட்டோம். இலையுதிர் காலத்தில் கூண்டை எடுத்துவிட்டுத் தானாக அளக்கும் இயந்திரம் வைக்கப் போகிறார்கள் என்று அப்போதே முடிவாகியிருந்தது. அதனால், கையால் அளப்பது எப்படி என்று மாணவர்களுக்குக் காட்டும் வேலையை அண்ணனுக்குக் கொடுத்தார்கள்.

அவர் சந்தோஷப்பட்டதை நான் அதற்கு முன் அப்படிப் பார்த்ததில்லை. சட்டையை அவரே இஸ்திரி போட்டார். கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்தார். “கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு மினுக்கல” என்று அண்ணி கிண்டல் செய்தாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. என்னைப் பார்த்து, “கூண்டு போயிடும், நானும் ரிட்டயர் ஆயிடுவேன். நான் எழுதின எண்ணுங்கதான் மிச்சம். அதை வச்சு இத்தனை பிள்ளைங்க படிக்கப் போறாங்க, பாரு” என்றார்.

நான்காம் நாள். அறையில் பிரகாசத்தில் கண் கூசியதால் திரைகளை இழுத்துவிட்டிருந்தோம். பாடம் நடத்த வந்த பேராசிரியை எங்கள் நிலையத்தின் நாற்பது வருஷ ஈரப்பதக் கணக்கைத் திரையில் போட்டாள். கோடு இருபத்தோரு வருஷம் ஒரே மட்டத்தில் வந்தது. அங்கே படி இறங்குவதுபோல் ஓர் இறக்கம். அதன்பின் கடைசிவரை அதே தாழ்ந்த மட்டம். பக்கத்து இரண்டு நிலையங்களின் கோடுகளில் அந்த இறக்கம் இல்லை. “ஏன்னு கண்டுபிடிங்க” என்றாள்.

ஒரு மணி நேரம் தட்டினார்கள். கடைசியில் நெட்டையாக ஒரு பெண் எழுந்தாள். “ஊழியர் பட்டியல்ல பார்த்தா, இறங்கற அந்த மாசம்தான் இங்க ஒரு புது ஆள் அளவெடுக்க வந்திருக்கார்” என்றாள்.

“கரெக்ட்” என்றாள் பேராசிரியை. “காத்து மாறல, ஆள் மாறியிருக்கார். அவர் அளந்த விதத்துல ஏதோ தப்பு. அந்தப் பத்தொன்பது வருஷத்தையும் மேல தூக்கி மத்ததோட சேர்த்துடணும். இப்படித்தான் கணக்கைச் சுத்தம் பண்றது.”

கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த அண்ணன் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினார். “அந்தப் புது ஆள் நான்தாங்க.”

யாரோ சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார்கள். அண்ணன் எழுந்து நின்று சொன்னார். துணி, பனி, பூஜ்யத்தில் நிற்கும் பாதரசம், காத்திருப்பது, காத்திருக்காதவர்கள் என்று எல்லாவற்றையும் சொன்னார். கண்ணாடி முன் ஒத்திகை பார்த்ததில் ஒரு வார்த்தைகூட வரவில்லை, தட்டுத்தடுமாறித்தான் சொன்னார். ஆனால் புரியும்படி சொன்னார்.

பேராசிரியையைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. முழுக்கக் கேட்டாள். கேட்டுவிட்டு, “நீங்க சொல்றது நிஜம்னா உங்க பத்தொன்பது வருஷம்தான் சரி. மத்த எல்லாரும் தப்பு. மொத்தக் கணக்கையும் தலைகீழா மாத்தணும். சும்மா இல்ல, பெரிய விஷயம் இது. நீங்க காத்திருந்தீங்கன்றதுக்கு எழுத்துல ஏதாவது இருக்கா?” என்றாள்.

அண்ணன் முகம் மலர்ந்தது. “ஏன் இல்லாம? ஒவ்வொரு வேளையும் எழுதியிருக்கேங்க. பன்னெண்டாவது கட்டம், குறிப்பு. டைப் பண்ணினது என் தங்கச்சிதான். இதோ நிக்கறா பாருங்க.”

வருகைத் தாளோடு கதவோரம் நின்றிருந்தேன். அவர் என்னை நோக்கி நீட்டிய கையில் அவ்வளவு பெருமை.

பேராசிரியை கோப்பைத் திறந்து வலப்பக்கம் நகர்த்திக்கொண்டே போனாள். பதினொன்றோடு முடிந்தது. “இதுல அப்படி எதுவும் இல்லையே” என்று என்னைப் பார்த்தாள். இருபத்திரண்டு பேரும் பார்த்தார்கள். முன்வரிசையில் இருந்த நிலைய அதிகாரி மெதுவாகக் கழுத்தைத் திருப்பினார். அந்தத் தாளில் எங்கள் இரண்டு கையெழுத்தும் இருப்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பொய்ச் சான்று கொடுத்தவளை ஒரு நாள்கூட வேலையில் வைத்திருக்க மாட்டார்கள்.

“அந்தக் கட்டம் காலியாத்தான் இருந்துச்சுங்க” என்றேன்.

அண்ணன் என்னைப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். தட்டைத் தள்ளிவிட்டுப் போகிற ஆள்தானே, ஒரு வார்த்தை கத்தியிருந்தால் நானும் உடைந்து உண்மையைக் கொட்டியிருப்பேன். அவர் கத்தவில்லை.

“சரிங்க” என்றார் பேராசிரியையிடம். “மேடம் சொன்னா சரியாத்தான் இருக்கும்.” உட்கார்ந்துவிட்டார்.

யாரை மேடம் என்கிறார் என்று எனக்கு ஒரு கணம் புரியவில்லை.

“ஞாபகம் சில சமயம் ஏமாத்திடும். அது யாருக்கும் நடக்கறதுதான்” என்று பேராசிரியை அன்பாகச் சொன்னாள். பிறகு ஏதோ தட்டினாள். திரையில் பத்தொன்பது வருஷமும் ஒரே தாவலில் மேலே ஏறி, சோம்பேறிகளின் கோட்டோடு போய் ஒட்டிக்கொண்டது. அவ்வளவுதான். அந்தத் திருத்திய கணக்கைத்தான் இன்று எல்லோரும் எடுத்துப் பயன்படுத்துகிறார்கள்.

இடைவேளையில் அந்த நெட்டைப் பெண் மாடிப்படியில் என்னைப் பிடித்தாள். “தப்பா நினைக்காதீங்க. நிஜமாவே காலியாவா இருந்துச்சு? அவர் சொன்ன விதத்தைப் பார்த்தா பொய் மாதிரி தெரியலையே.”

அங்கே அதிகாரி இல்லை, வேறு யாரும் இல்லை. உள்ளே நான் பயந்துதான் பொய் சொன்னேன் என்று என்னை நானே மன்னித்துக்கொள்ளலாம். இங்கே அந்தச் சாக்கும் இல்லை. அவள் கையில் நோட்டும் பேனாவும் தயாராக இருந்தன.

“ஆமாம்மா, காலிதான்” என்றேன்.

அவள் நோட்டை மூடிக்கொண்டு இறங்கிப் போனாள். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது. இருந்து என்ன பிரயோஜனம்? மறுநாள் வழக்கம்போல் வேலைக்குப் போனேன்.

அண்ணன் மீதி நாட்களையும் முடித்துக் கொடுத்தார். மாணவர்களுக்குக் கூண்டைத் திறந்து காட்டினார். பனிக்காலத்தில் என்ன செய்வீர்கள் என்று ஒருவன் கேட்டதற்கு, “படிச்சு எழுதிட்டு வந்துடுவோம்” என்றார். பதினைந்து டிகிரி வெயிலில், அரைக்கைச் சட்டையோடு நின்று அவர் அதைச் சொன்னதை நான் ஜன்னல் வழியாகக் கேட்டேன். இலையுதிர் காலத்தில் கூண்டைக் கழற்றினார்கள். அவரைக் கிடங்குக்கு மாற்றினார்கள். அங்கே அவர் ஆணி எண்ணினார், கயிறு எண்ணினார், ஓய்வு பெற்றார்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் அவர் வீட்டுக்குப் போகிறேன். போகாமல் இருந்தால் அண்ணி காரணம் கேட்பாள். அவளுக்கு இன்றுவரை எதுவும் தெரியாது, அவர் சொல்லவில்லை. கதவைத் திறப்பது அவர்தான். “வாங்க. நல்லா இருக்கீங்களா? வேலையெல்லாம் எப்படிப் போகுது?” என்பார். ஒரு தடவை, அண்ணி கடைக்குப் போயிருந்தபோது, “அண்ணா, அன்னிக்கு நான்...” என்று ஆரம்பித்தேன். “அதெல்லாம் எதுக்குங்க இப்ப? நீங்க சாப்பிடுங்க” என்று பாத்திரத்தை என் பக்கம் நகர்த்தினார். நான் நடக்கக் கற்றுக்கொண்டபோது என் கையைப் பிடித்திருந்தவர். நாற்பத்து மூன்று வருஷம் என்னை ‘ஏய்’ என்றும் ‘கழுதை’ என்றும் கூப்பிட்டவர்.

போன வாரம் எதிர்வீட்டு அம்மாள் அங்கே உட்கார்ந்திருந்தாள். அவர் என்னிடம் பேசுவதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “கூடப் பொறந்த தங்கச்சிகிட்ட இவ்வளவு மரியாதையா பேசற மனுஷனை நான் பார்த்ததே இல்லம்மா. நீ கொடுத்து வச்சவ” என்றாள்.

“ஆமாங்க” என்றார் அண்ணன், எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டபடி.